எவ்ளோ குனிய முடியும்னு கேட்டா எவ்ளோ வலிக்குதுன்னு சொல்லாதீங்க

ராணுவத்துலேர்ந்து வந்தவங்களோட முதுகு வலிக்கு அமெரிக்க அரசாங்கம் காசு தராது. எவ்ளோ குனியறோம்ங்கறதப் பாத்துத்தான் தரும். இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இங்க ராணுவத்துலேர்ந்து வெளிய வந்த நம்ம பசங்க சில பேர் இது தெரியாமலே ஒரு ரிஜெக்‌ஷன் லெட்டர வாங்கி, "நமக்கு எதுக்குக்கா இந்த வம்பு"ன்னு டிராயர்ல போட்டு மூடிடறாங்க. மூடினவங்கள்ல என் தம்பியும் ஒருத்தன். அப்புறம் அந்த டிராயரத் திறக்க வச்ச கதைதான் இது, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

அமெரிக்க ராணுவத்துல நம்ம பசங்களான்னு ஊர்ல இருக்குறவங்க கேப்பீங்க. இருக்காங்க. 2009-ல மாவ்னின்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, கிரீன் கார்டு கூட இல்லாம ஸ்டூடண்ட் விசாலயோ வேலை விசாலயோ இருக்குறவங்க, ராணுவத்துக்கு வேணும்ங்கற மொழி ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா சேரலாம், அந்த மொழி லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு, மலையாளம் சிங்களம் எல்லாமும் இருந்துச்சு. பத்தாயிரம் பேருக்கு மேல சேந்தாங்க, 2016-ல புது ஆள் எடுக்குறத நிறுத்திட்டாங்க. எம்எஸ் படிக்க வந்த என் தம்பி அந்த வழியாத்தான் உள்ள போனான். அப்பா ரொம்ப நாள் அவன்கிட்ட பேசல, அம்மா குலசாமிக்கு காசு முடிஞ்சு வச்சா, அப்புறம் யூனிஃபார்ம்ல நிக்கிற போட்டோ வந்ததும் அதே அப்பா தெரு முழுக்க போனத் தூக்கிட்டுப் போய் காட்டினாரு. அது வேற கதை.

நான் டெக்சாஸ்ல பிசியோதெரபிஸ்ட். தினமும் முதுகோடதான் பொழப்பு. அதனால தம்பி கேஸ்ல எனக்கு ரெண்டு விதமான கோவம், அக்காவா ஒண்ணு, இந்தத் தொழில் பண்றவளா ஒண்ணு. ரெண்டையும் கலந்துதான் எழுதப் போறேன்.

அவனுக்கு என்ன ஆச்சுன்னா, ராத்திரிப் பயிற்சி ஒண்ணுல முழு கியரோட ட்ரக்கோட பின்பக்கத்துலேர்ந்து குதிச்சிருக்கான். பாடி ஆர்மர், ஹெல்மெட், முதுகுல பை, கையில துப்பாக்கி, எல்லாம் சேந்து ஒரு சின்னப் பையனத் தூக்கிட்டுக் குதிக்கிற வெயிட்டு. கீழ தரை சமமா இல்ல. இடுப்புக்கிட்ட ஏதோ பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சாம், மறுநாள் சிக் கால், அதாவது ராணுவ டாக்டர்கிட்ட காட்டப் போயிருக்கான், ஐபுப்ரூஃபன் 800 மில்லிகிராம் குடுத்து அனுப்பிட்டாங்க. இந்த மாத்திரைக்கு அங்க வைட்டமின் எம்னு செல்லப்பேரு, தலைவலிக்கும் அதான் கால் ஒடிஞ்சாலும் அதான்னு கிண்டல் பண்ணுவாங்களாம். அதுக்கப்புறம் அவன் முதுகுக்காக சிக் கால் போகவே இல்ல. போனா லைட் டியூட்டி சீட்டு குடுப்பாங்க, கூட இருக்குறவன் தலையில அவன் வேலையும் விழும், "இந்தியாக்காரன் டபாய்க்கிறான்"னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயம் வேற. வலியோடயே ஓடினான், வலியோடயே பி.டி. டெஸ்ட் பாஸ் பண்ணினான், நல்லபடியா ஹானரபிள் டிஸ்சார்ஜ் வாங்கிட்டு வந்தான்.

கவனிங்க, பின்னாடி அவனுக்கு எதிரா நின்னது இதுதான். நல்ல சோல்ஜரா இருந்தது.

வெளிய வந்த உடனே, சர்வீஸ்ல வந்த குறைக்கு மாசாமாசம் காசு கேட்டு கிளெய்ம் பண்ணுடான்னு எல்லாரும் சொன்னாங்க, பண்ணல. கை கால் போனவங்க எத்தனை பேர் இருக்காங்க, எனக்கு எதுக்குன்னான். இந்த எண்ணம் நம்ம ஆளுங்கள்ட்ட மட்டும் இல்ல, இங்க இருக்குற வெள்ளைக்கார, கறுப்பின, மெக்சிகன் வெட்டரன், அதாவது முன்னாள் ராணுவத்துக்கார பேஷண்ட்டுங்க கிட்டயும் இதே டயலாக்கக் கேட்டிருக்கேன். ஆனா லேட் ஆனதுக்கு ஒரு விலை இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள கிளெய்ம் போட்டா டிஸ்சார்ஜ் ஆன மறுநாள்லேர்ந்து காசு கணக்காகும். அதோட மூட்டுத் தேய்மானம், அதாவது ஆர்த்ரைட்டிஸ், வெளிய வந்த ஒரு வருஷத்துக்குள்ள எக்ஸ்ரேல தெரிஞ்சு பத்து சதவீத அளவுக்காவது இருந்தா, அது சர்வீஸ்லதான் வந்துச்சுன்னு சட்டமே எடுத்துக்கும், நாம நிரூபிக்கணும்னு இல்ல. ரெண்டையும் விட்டுட்டான்.

வருஷம் சில கழிச்சு, குழந்தை பொறந்து, அதத் தொட்டில்லேர்ந்து தூக்க முடியாம சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்ன அன்னிக்கு அவன் பொண்டாட்டியே உக்காந்து கிளெய்ம் ஃபார்ம் போட்டா. அதுக்கு வந்த பதில்தான் ரிஜெக்‌ஷன்.

விஏ, அதாவது வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் துறை, ஒரு கிளெய்ம ஒத்துக்கணும்னா மூணு விஷயம் வேணும். இப்ப ஒரு உடல் குறை இருக்கணும், சர்வீஸ்ல இருக்கும்போது ஏதோ நடந்திருக்கணும், ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு டாக்டர் சொல்லணும். இந்த மூணாவதுக்குப் பேரு நெக்ஸஸ். பெரும்பாலான முதுகு கேஸ் அடிபடறது இந்த இடத்துலதான். தம்பிய சி அண்ட் பி எக்ஸாமுக்கு, அதாவது கிளெய்முக்காக விஏ வைக்கிற மெடிக்கல் செக்கப்புக்குக் கூப்பிட்டாங்க, வெளிக் கம்பெனி ஒண்ணு அனுப்பின எக்ஸாமினர், எந்தக் கம்பெனின்னு இங்க வேண்டாம். அவர் எழுதினதோட சாரம்: சர்வீஸ் ரெக்கார்டுல முதுகுக்கு ஒரே ஒரு என்ட்ரிதான், அப்புறம் வருஷக்கணக்கா ஒண்ணும் இல்ல, எம்ஆர்ஐல தெரியறது வயசுக்கேத்த தேய்மானம், அதனால சர்வீஸ் காரணமா இருக்க வாய்ப்பு கம்மி. அவ்ளோதான். முடிவு லெட்டர்லயும் இதே வரிய எடுத்துப் போட்டு முடிச்சிட்டாங்க.

வயசுக்கேத்த தேய்மானமாம். முப்பத்தி சொச்சம் வயசுப் பையனுக்கு.

இதுல என் தொழில் கோவம் என்னன்னா, 2015-ல ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வந்துச்சு, முதுகு வலியே இல்லாத ஆளுங்களோட ஸ்கேன்கள மட்டும் சேத்துப் பாத்தாங்க, அதுல 20 வயசுக்காரங்கள்ல 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிஞ்சுது, 80 வயசுல 96 சதவீதம். அதாவது தேய்மானம் இருந்தும் வலி இல்லாம ஊரு பூரா நடமாடறாங்க. அப்ப தம்பிக்கு ஏன் வலின்னு கேட்டா "தேய்மானம்"ங்கறது பதிலே இல்லையே. குதிச்ச அன்னிக்கு ஆரம்பிச்ச வலி அன்னிலேர்ந்து விடாம இருக்குன்னு ஒருத்தன் சொல்றான், அதப் பத்தி ஒரு வார்த்தை எழுதாம பிலிமப் பாத்து எழுதிட்டாரு. இதே ஆய்வு நம்ம பக்கமும் கடிக்கும், அதையும் சொல்லணும், எம்ஆர்ஐ ரிப்போர்ட்ட தூக்கிட்டுப் போய் "பாருங்க எல்-4 எல்-5 போயிருச்சு"ன்னு காட்டினா அதுக்காக ஒரு சதவீதம் கூட ஏறாது. பிலிமுக்கு ரேட்டிங், அதாவது குறை இத்தன சதவீதம்னு விஏ போடற மார்க், இல்ல.

ரெக்கார்டு இல்லைங்கறதுக்கும் பதில் இருக்கு. புச்சனன்னு ஒருத்தரோட கேஸ்ல 2006-லயே ஃபெடரல் சர்க்யூட் கோர்ட் சொல்லிடுச்சு, அந்தக் காலத்து மெடிக்கல் ரெக்கார்டு இல்லைங்கற ஒரே காரணத்த வச்சு வெட்டரன் சொல்றத நம்பத் தகாததுன்னு தள்ளக்கூடாதுன்னு. சந்தேகம் சரிசமமா இருந்தா அது வெட்டரன் பக்கம்தான் போகணும்ங்கறது சட்டத்துலயே இருக்கு. ஐம்பதுக்கு ஐம்பது போதும். கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டாம், சிவில் கேஸ் மாதிரி ஐம்பதத் தாண்டவும் வேண்டாம். இவ்ளோ சாதகமான அளவுகோல் வச்சிருக்குற துறை ரொம்பக் கம்மி, ஆனா அந்தப் பாதி வரைக்கும் போக பேப்பர் வேணும்.

அப்பீல்ல இப்ப மூணு வழி. 2017-ல சட்டம் மாத்தி 2019 பிப்ரவரி 19-லேர்ந்து அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒரே நீளமான க்யூ, வருஷக்கணக்கா நிக்கணும். இப்ப லெட்டர் வந்த தேதிலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள இதுல ஏதாவது ஒண்ணு எடுக்கலாம். புது ஆதாரம் இருந்தா சப்ளிமென்ட்டல் கிளெய்ம். இருக்குற பேப்பர வச்சே தப்பா முடிவு எடுத்தாங்கன்னா ஹையர் லெவல் ரிவ்யூ, சீனியர் ஒருத்தர் புதுசாப் பாப்பாரு, ஆனா ஒரு துண்டுப் பேப்பர் கூட புதுசா சேக்கக்கூடாது. இல்ல நேரா வெட்டரன் அப்பீல் கேக்குற போர்டுக்குப் போய் ஜட்ஜ் கிட்ட. ஒரு வழில தோத்தா அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள இன்னொண்ணு எடுக்கலாம், அப்படி இடைவெளி விடாம தொடந்து போய்க்கிட்டே இருந்தா, எப்ப ஜெயிச்சாலும் முதல் கிளெய்ம் போட்ட தேதிக்கே காசு கணக்காகும். ஒரு வருஷத்த விட்டுட்டா அந்தத் தேதி போச்சு. எங்க ஆளு டிராயர்ல போட்டு மூடினான்னு சொன்னேன்ல, நான் அதக் கண்டுபிடிச்சு எடுத்தப்ப அந்த வருஷம் முடியப் போகுது.

லெட்டரப் படிக்கும்போது ஒண்ணு பாருங்க, எல்லாரும் "டினைட்"ங்கற வார்த்தையப் பாத்ததும் மடிச்சு வச்சிடறாங்க. உள்ள ஃபேவரபிள் ஃபைண்டிங்ஸ்னு ஒரு பகுதி இருக்கும். தம்பி லெட்டர்ல அதுல, இடுப்புல ஸ்ட்ரெயினும் டிஸ்க் நோயும் இருக்கு, சர்வீஸ்ல சிக் கால் போன சம்பவம் உண்மைதான்னு ரெண்டையும் ஒத்துக்கிட்டிருந்தாங்க. தெளிவா தப்புன்னு காட்டினாலொழிய இத பின்னாடி பாக்குற ஆள் மாத்த முடியாது. அப்ப மூணுல ரெண்டு ஏற்கனவே நம்ம கையில. தேவை நெக்ஸஸ் மட்டும்தான். இது தெரிஞ்ச உடனே அவனுக்கே மூஞ்சி மாறிடுச்சு.

நீயே எழுதித் தர்றியாக்கான்னு கேட்டான். அக்கா எழுதின லெட்டருக்கு என்ன மதிப்பு இருக்கும். அவனப் பாக்குற ஸ்பைன் டாக்டர்ட்ட போகச் சொன்னேன், ஆனா வெறுங்கையோட இல்ல, சர்வீஸ் மெடிக்கல் ரெக்கார்டு மொத்தமும், அந்த எக்ஸாமினர் எழுதினதும், எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு. "என் பேஷண்ட்டுக்கு ராணுவத்தால முதுகு வலி"ன்னு ரெண்டு வரி எழுதினா அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். ரெக்கார்டப் படிச்சேன்னு இருக்கணும், சர்வீஸ்ல நடந்ததுதான் காரணமா இருக்க குறைஞ்சது பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குன்னு அவங்க பாஷைல இருக்கணும், எல்லாத்த விட முக்கியமா ஏன்னு இருக்கணும். அந்த டாக்டர் நல்ல மனுஷன், குதிச்சப்ப அச்சு வழியா ஏறின பளு டிஸ்க்க எப்படி அடிக்கும், அவன் வயசுல அந்த ஒரே லெவல்ல மட்டும் இவ்ளோ தேய்மானம் இருக்குறது ஏன் பொதுவான வயசுத் தேய்மானம் மாதிரி இல்லன்னு ஒண்ணரைப் பக்கம் எழுதினாரு.

கூட பேரக்ஸ்ல ரூம்மேட்டா இருந்த பையன் ஒரு சாட்சிக் கடிதம் குடுத்தான், இதுக்குன்னே ஃபார்ம் இருக்கு, பட்டி ஸ்டேட்மென்ட்னு சொல்வாங்க. அதுல அவன் எழுதினது எனக்கே தெரியாத விஷயம். குதிச்சப்புறம் மாசக்கணக்கா தம்பி காலைல எழும்போது நேரா எழ மாட்டானாம், கட்டில்லேர்ந்து பக்கவாட்டுல உருண்டு தரையில முட்டி போட்டு அப்புறம்தான் நிப்பானாம், பூட்ஸ் லேஸ இவன்தான் கட்டி விட்டிருக்கான், சார்ஜென்ட் வர்றதுக்குள்ள. அதப் படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் மாடிக்குப் போயிட்டேன்.

சப்ளிமென்ட்டல் கிளெய்ம்ல ஜெயிச்சது அதுலதான். சர்வீஸ் கனெக்‌ஷன் ஒத்துக்கிட்டாங்க. ரேட்டிங் 10 சதவீதம்.

பத்துதானான்னு அப்பா ஊர்லேர்ந்து கேட்டாரு. இப்பத்தான் அந்த குனியற கணக்குக்கு வர்றேன். 2003 செப்டம்பர்லேர்ந்து முதுகெலும்புக்கு ஒரு பொது ஃபார்முலா வச்சிருக்காங்க, டிஸ்க்கா, ஸ்ட்ரெயினா, நரம்புப் பாதை குறுகற ஸ்டெனோசிஸ்ஸா, ஆபரேஷன் பண்ணினதா, எல்லாத்துக்கும் ஒரே அளவு. நேரா நின்னு முன்னாடி குனியணும், முழுசா குனிஞ்சா 90 டிகிரி. 60-க்கு மேல 85 வரைக்கும் வந்தா 10 சதவீதம். 30-க்கு மேல 60 வரைக்கும் 20. 30-ஓ அதுக்குக் கீழயோ நின்னா 40. அதுக்கு மேல போகணும்னா முதுகு அசையவே கூடாது, இடுப்பு முதுகு மொத்தமும் கோணலா இறுகிப் போனா 50, கழுத்துலேர்ந்து கீழ வரைக்கும் அப்படி கோணலா இறுகிட்டா 100. கழுத்துக்குத் தனி அளவு, அதுல 15 டிகிரிக்குள்ள நின்னா 30 சதவீதம். தசை இறுகி நடையே மாறிடுச்சுன்னா அதுக்கு 20 உண்டு. கோனியோமீட்டர் வச்சுத்தான் அளக்கணும்னு விதியிலேயே இருக்கு, கண்ணால பாத்து "சுமார் எழுபது"ன்னு எழுதக்கூடாது. என் பையில எப்பவும் கிடக்குற பிளாஸ்டிக் ஸ்கேல் மாதிரி சாமான், அதுல ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்ங்கறதுல ஒரு குடும்பத்தோட மாச பட்ஜெட் மாறுது.

அந்த ஃபார்முலாவோட தலைப்புலயே, வலி இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி, அது வேற இடத்துக்குப் பரவினாலும் பரவாட்டியும் சரி, இந்த அளவுதான்னு போட்டிருக்கும். வலிய ஒரே வாக்கியத்துல தள்ளி வச்சிட்டாங்க. ஏன்னு எனக்குப் புரியுது, வலிய அளக்க கருவி கிடையாது, பத்துக்கு எத்தனைன்னு கேட்டா ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே ஒம்பதும்பாரு, இன்னொருத்தர் வேர்த்து ஊத்தும்போதும் மூணும்பாரு. தம்பி அந்த மூணுன்னு சொல்ற டைப். எக்ஸாம் அன்னிக்கு எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு நல்லா இருக்கேன் சார்னு சொல்லியிருக்கான், குனியச் சொன்னதுக்கு பல்லக் கடிச்சுக்கிட்டு எவ்ளோ முடியுமோ அவ்ளோ குனிஞ்சு 70 டிகிரி காட்டிட்டு வந்திருக்கான். பி.டி. டெஸ்ட்னு நினைச்சிட்டான் போல. வலி எந்த டிகிரில ஆரம்பிக்குதுன்னு சொல்லவே இல்ல, அவரும் கேக்கல.

கோர்ட்டுங்க இந்த ஓட்டைய கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிட்டு வருது. 1995-ல டெலூக்கான்னு ஒரு கேஸ், வலி, அசதி, பலமின்மை இதால திரும்பத் திரும்பப் பண்ணும்போது எவ்ளோ அசைவு குறையுதுன்னு பாக்கணும்னு சொன்னாங்க. 2011-ல மிட்செல் கேஸ், வலி இருந்தா மட்டும் போதாது, அந்த வலி வேலை செய்ய விடாம நிறுத்தணும்னாங்க. 2016-ல கொரேயா, தானா அசைச்சும் பிறர் அசைச்சும், எடை தாங்கியும் தாங்காமலும் அளக்கணும்னு. எனக்குப் பிடிச்சது 2017-ல ஷார்ப் கேஸ். முதுகு தினம் ஒரே மாதிரி இருக்காது, சில நாள் திடீர்னு தூக்கி அடிக்கும், அதுக்கு ஃப்ளேர்-அப்னு பேரு. எக்ஸாம் நாள்ல ஃப்ளேர்-அப் இல்லாததால என்னால சொல்ல முடியாதுன்னு எக்ஸாமினர் கைவிரிக்கக் கூடாது, வெட்டரன் கிட்ட கேட்டு, அந்த மாதிரி நாள்ல எவ்ளோ டிகிரி குறையும்னு மதிப்பிடணும், முடியலைன்னா ஏன் முடியலைன்னு காரணம் எழுதணும்னு தீர்ப்பு. தம்பி ரிப்போர்ட்ல அந்தக் கட்டத்துல ஒரே வரி, "ஊகிக்காம சொல்ல முடியாது"ன்னு. கோர்ட் எத வேணாம்னு சொல்லிச்சோ கிட்டத்தட்ட அதே.

அதனால அடுத்தது ஹையர் லெவல் ரிவ்யூ. புது ஆதாரம் வேணாம், தப்பு ஏற்கனவே ஃபைல்லயே இருக்கு. அதுல இன்ஃபார்மல் கான்ஃபரன்ஸ்னு ஒரு போன் கால் கேக்கலாம், கேட்டோம். கவுன்ட்டி ஆபீஸ்ல வெட்டரன்களுக்கு உதவுற ஒரு சர்வீஸ் ஆபீசர் இருக்காங்க, பத்து பைசா வாங்காம அவங்கதான் பேசினாங்க, ஷார்ப் கேஸ் பேரச் சொல்லி அந்த ஒரே வரியப் படிச்சுக் காட்டிட்டு நிறுத்திட்டாங்க. புலம்பல் கிடையாது, குடும்பக் கதை கிடையாது. நானா இருந்தா அந்த பூட்ஸ் லேஸ் கதையிலேர்ந்து ஆரம்பிச்சிருப்பேன். எக்ஸாம் பத்தலைன்னு ரிவ்யூ பண்ணினவர் ஒத்துக்கிட்டு புது எக்ஸாமுக்கு அனுப்பினாரு.

இந்தத் தடவ போறதுக்கு முன்னாடி தம்பிய உக்கார வச்சு சொன்னேன், டேய் பொய் சொல்லாத, நடிக்காத, ஆனா வீரத்தையும் காட்டாத. வலி எங்க ஆரம்பிக்குதோ அங்க வாயத் தொறந்து சொல்லு. மோசமான நாள் எப்படி இருக்கும்னு கேட்டா "ரொம்ப வலிக்கும்"னு சொல்லாத, என்ன பண்ண முடியலன்னு சொல்லு. அவனே லிஸ்ட் போட்டான். சாக்ஸ் படுத்துக்கிட்டுத்தான் போடறான். இந்தியன் கடையில 20 பவுண்டு சோனா மசூரி மூட்டைய அவன் பொண்டாட்டிதான் வண்டில ஏத்தறா. கோயில்ல அன்னதானத்துக்கு எல்லாரும் தரையில உக்காரும்போது இவன் தூணச் சாஞ்சுக்கிட்டு தட்ட கையில வச்சு சாப்பிடறான். ஊருக்கு ஃப்ளைட்ல போனா பாதி வழி பின்பக்கம் டாய்லெட் பக்கத்துல நின்னுக்கிட்டே வருவான். மாசத்துல எத்தனை தடவ இப்படி, எத்தனை நாள் நீடிக்குது, எல்லாம் போன் காலண்டர்ல குறிச்சு வச்சிருந்தான். புது எக்ஸாமினர் பொறுமையா எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, வலி ஆரம்பிக்கிற இடத்தையும் அளந்து, ஃப்ளேர்-அப்ல 50 டிகிரிக்கு மேல வராதுன்னு மதிப்பிட்டாங்க. 20 சதவீதம் ஆச்சு, முதல் கிளெய்ம் தேதிக்கே.

காசுன்னு பாத்தா 2025 ரேட்ல 10 சதவீதத்துக்கு மாசம் 175 டாலர் சொச்சம், 20-க்கு 346 சொச்சம், 100-க்கு தனி ஆளுக்கு 3,831. வரி கிடையாது. மொத்தம் 30-ஐத் தொட்டாத்தான் பொண்டாட்டி பிள்ளைக்குன்னு கூடுதலா சேரும். பல குறை இருந்தா நேரா கூட்ட மாட்டாங்க, அதுவும் நிறைய பேருக்குத் தெரியல. 40, 20, 10 இருந்தா 70 இல்ல. ஒரு தோசையில நாப்பது சதவீதம் தின்னாச்சு, மிச்சத்துலேர்ந்துதான் அடுத்த இருபது சதவீதத்தப் பிய்க்கணும், அதுல மிச்சத்துலேர்ந்து பத்து, அப்படி 57 வரும், அத 60-னு ரவுண்ட் பண்ணுவாங்க.

டிஸ்க் நோய்க்கு இன்னொரு கணக்கு இருக்கு, அதப் பத்தி எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராது. வருஷத்துல மொத்தம் ஆறு வாரம் படுத்த படுக்கையா இருந்தா 60 சதவீதம், நாலு வாரம்னா 40, ரெண்டுன்னா 20. கேக்க தாராளமா இருக்குல்ல. ஆனா டாக்டர் பெட் ரெஸ்ட் எழுதிக் குடுத்திருக்கணும். எந்த டாக்டர் இன்னிக்கு முதுகு வலிக்கு வாரக்கணக்கா படுன்னு எழுதுவாரு? படுத்தா இன்னும் மோசமாகும், முடிஞ்ச வரைக்கும் நடமாடுங்கதான் இப்ப உலகம் பூரா வைத்திய முறை, நானே தினம் அதத்தான் சொல்லிட்டு இருக்கேன். ஆக, நல்ல டாக்டர் கிட்ட சரியான வைத்தியம் பாக்குறவனுக்கு இந்தக் கணக்குல ஒண்ணும் கிடைக்காது. வைத்தியம் மாறிடுச்சு, ஃபார்முலா அங்கயே படுத்துக் கெடக்கு. நிஜமாவே எழுந்திருக்க முடியாத நாள்ல டாக்டருக்கு ஒரு போர்ட்டல் மெசேஜாவது போட்டு அவர் சொல்றத ரெக்கார்டுல ஏத்திக்கோங்க, வேற வழி தெரியல எனக்கு.

இதுக்கு நடுவுல ஊர்லேர்ந்து பெரியப்பா போன். அவர் இந்திய ராணுவத்துல ஹவில்தாரா இருந்து வந்தவரு, அவர் கூட இருந்த ஒருத்தருக்கு இதே இடுப்பு டிஸ்க், மெடிக்கல் போர்டுல சர்வீஸால வரவும் இல்ல மோசமாகவும் இல்லன்னு எழுதி அனுப்ப, சென்னையில ஆர்ம்டு ஃபோர்சஸ் ட்ரிப்யூனல் வரைக்கும் போனாராம். அங்கயும் 2013-ல தரம்வீர் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, சேரும்போது நோய்னு எழுதலைன்னா நல்ல உடம்போடதான் சேந்தான்னு எடுத்துக்கணும்னு. இங்கயும் கிட்டத்தட்ட அதே விதி. "இங்க பண்ற மாதிரி அங்கயும் 20 சதவீதம் வந்தா 50-னு ரவுண்ட் பண்ணுவாங்களா"ன்னு கேட்டாரு, இல்ல பெரியப்பான்னேன், அப்ப நம்ம ஊரே தேவலன்னு வச்சிட்டாரு.

வக்கீல் வேணுமான்னு கேக்குறவங்களுக்கு. இந்த நாட்டுல 1988 வரைக்கும் வெட்டரன் கேஸ்ல துறை சொல்ற முடிவ எதிர்த்து கோர்ட்டுக்கே போக முடியாது, வக்கீல் ஃபீஸ் பத்து டாலருக்கு மேல வாங்கக்கூடாதுன்னு 1864 உள்நாட்டுப் போர் காலத்துச் சட்டம் வேற அது வரைக்கும் உயிரோட இருந்துச்சு. பத்து டாலருக்கு எவன் வருவான். 1988-ல தான் சட்டம் மாறி தனி கோர்ட் வந்துச்சு, போர்டுல தோத்தா 120 நாளுக்குள்ள அங்க போகலாம். முதல் கிளெய்முக்கு யாரும் ஃபீஸ் வாங்கவே கூடாது, அப்பீல்ல அங்கீகாரம் உள்ள வக்கீல் வாங்குற இருபது சதவீதம் வரைக்கும் நியாயம்னு எடுத்துக்குவாங்க, அதுவும் ஜெயிச்சு வர்ற அரியர்ஸ்லேர்ந்து. வாட்ஸ்அப்புல "நாங்க ரேட்டிங் ஏத்தித் தர்றோம், ஏறின தொகையில ஆறு மாசத்துத குடுங்க"ன்னு வர்ற கன்சல்ட்டன்ட்டுங்க கிட்ட பேங்க் பாஸ்வேர்டக் குடுத்துட்டு நிக்காதீங்க. அமெரிக்கன் லீஜன், டிஏவி, விஎஃப்டபிள்யூ மாதிரி வெட்டரன் சங்கங்க, இல்ல உங்க கவுன்ட்டி ஆபீஸ், எல்லாம் ஓசி. நாங்க வக்கீல் வைக்கல. போர்டத் தாண்டிப் போற கேஸ்னா வைப்பேன்.

இன்னும் ஒண்ணு முடியல, கால் நரம்பு. முதுகுலேர்ந்து கால் வழியா இறங்கற வலியும் மரப்பும் தனி ரேட்டிங், சயாட்டிக் நரம்புல லேசுன்னா 10, நடுத்தரம்னா 20, கொஞ்சம் மோசம்னா 40, அப்படி 80 வரைக்கும் போகும். மேல சொன்ன ஃபார்முலாவே நரம்புக் கோளாற தனியா மதிப்பிடுன்னுதான் சொல்லுது, நிறைய பேர் இதக் கேக்கவே மாட்டாங்க, கேக்காம விடற காசு இதுதான் அதிகம்னு நினைக்கிறேன். தம்பிக்கு இடது கால் வெளிப்பக்கம், கட்டை விரல் வரைக்கும் மரத்துப் போகுது. எக்ஸாம்ல ரிஃப்ளெக்ஸ் நார்மல், பலம் நார்மல், அதனால ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்க. உணர்ச்சி மட்டும் குறைஞ்சாலும் லேசு, மிஞ்சிப் போனா நடுத்தரம்னு குடுக்கலாம்னு விதியில இருக்கு, அதத்தான் இப்ப போர்டுல கேட்டிருக்கோம். போர்டுல மூணு வரிசை, இருக்குறத வச்சுப் பாருங்கங்கறது ஒண்ணு, 90 நாளுக்குள்ள புது ஆதாரம் தர்றது ஒண்ணு, ஜட்ஜ் கிட்ட நேர்ல பேசறது ஒண்ணு, கடைசிதான் ரொம்ப லேட்டாகும். நரம்பு டெஸ்ட் ரிப்போர்ட் கையில இருக்கு, ரெண்டாவது வரிசைல போட்டு முடின்னு நான் சொன்னேன். இல்லக்கா நான் பேசணும், இத்தன வருஷமா நல்லா இருக்கேன் சார்னே சொல்லிட்டேன்னான். அவன் கேஸ். ஹியரிங்தான் போட்டிருக்கான்.